சர்க்கரைச் செறிவைக் காட்டும் நிறச் சோதனை சரியாக வரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் முறை

சர்க்கரைக் கரைசலுக்கு நிறம் கிடையாது. சோதனைக் குழாயில் நாம் பார்க்கும் சிவப்போ பச்சையோ, சர்க்கரை வேறொரு பொருளோடு, அதாவது ரியேஜென்டோடு, வினைபுரிந்ததால் வந்தது. அந்த வினை சூட்டைப் பொறுத்தது, காரத்தன்மையைப் பொறுத்தது, நேரத்தைப் பொறுத்தது, மாதிரியில் கூடவே இருக்கும் மற்ற பொருள்களையும் பொறுத்தது. இவற்றில் ஒன்று நழுவினாலும் நிறம் மாறும், சர்க்கரை அளவு அப்படியே இருந்தாலும். ஆகவே நிறம் எதிர்பார்த்தபடி வராதபோது "மாதிரியில் சர்க்கரை இல்லை" என்றோ "ரியேஜென்ட் கெட்டுவிட்டது" என்றோ உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

கீழே சொல்வது நான்கு வகைச் சோதனைகளுக்குப் பொருந்தும். ஒன்று, பெனடிக்ட் கரைசல்: நீல நிறத் தாமிர அயனியைச் சர்க்கரை ஒடுக்கி, அதாவது அதற்கு எலக்ட்ரான் கொடுத்து, அடியில் படியும் செங்கல் சிவப்பு வீழ்படிவாக்கும்; இப்படிச் செய்ய வல்லவையே ஒடுக்கும் சர்க்கரைகள். இரண்டு, டி.என்.எஸ். எனப்படும் டைநைட்ரோசாலிசிலிக் அமில முறை: மஞ்சள் கரைசல் செம்பழுப்பாகும், 540 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். மூன்று, பீனால்–சல்பூரிக் அமில முறை: ஒடுக்கும் சர்க்கரை, ஒடுக்காத சர்க்கரை இரண்டுக்குமே ஆரஞ்சு கலந்த மஞ்சள் வரும், 490 நானோமீட்டரில் அளப்பார்கள். நான்கு, குளுக்கோஸ் ஆக்சிடேஸ்–பெராக்சிடேஸ் நொதி முறை: குளுக்கோஸுக்கு மட்டும் இளஞ்சிவப்பு வரும், 505 நானோமீட்டரில் அளப்பார்கள்.

முதலில் மூன்று குழாய்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று குழாய்களைப் புதிதாக வையுங்கள். முதலாவதில் காய்ச்சி வடித்த நீரும் ரியேஜென்டும் மட்டும், இதுதான் பிளாங்க். இரண்டாவதில் செறிவு தெரிந்த குளுக்கோஸ் கரைசல், வரைகோட்டின் (தெரிந்த செறிவுகளையும் அவை தந்த அளவீடுகளையும் வைத்து வரையும் கோடு) நடுப்பகுதியில் விழும் அளவில். மூன்றாவதில் உங்கள் மாதிரியோடு தெரிந்த அளவு குளுக்கோஸ் சேர்த்தது.

பிளாங்க் நிறம் காட்டினால் குற்றம் ரியேஜென்டிலோ கண்ணாடியிலோ நீரிலோ இருக்கிறது. தெரிந்த கரைசல் நிறம் காட்டவில்லை என்றால் ரியேஜென்டையோ சூட்டையோ பாருங்கள். இந்த இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் குறைவாகக் காட்டினால் மாதிரிக்குள் ஏதோ ஒன்று வினையைத் தடுக்கிறது. பாதிப் பிரச்சினைகள் இந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். கீழே உள்ள பகுதிகளுக்கு இந்த மூன்றின் விடையோடு வாருங்கள்.

நிறமே வரவில்லை

தெரிந்த குளுக்கோஸ் நன்றாக நிறம் காட்டி, மாதிரி மட்டும் நீலமாகவோ மஞ்சளாகவோ அப்படியே நின்றால், முதல் கேள்வி: உங்கள் சர்க்கரை எது? சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸ், பெனடிக்டிலும் டி.என்.எஸ்.இலும் வினைபுரியாது. அதில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் தங்கள் ஒடுக்கும் முனைகளாலேயே ஒன்றோடு ஒன்று பிணைந்திருப்பதால், வினைபுரிய எதுவும் வெளியே மிஞ்சுவதில்லை. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், மால்டோஸ், லாக்டோஸ் ஆகியவை வினைபுரியும். ஃப்ரக்டோஸ் கீட்டோன் வகைச் சர்க்கரையாயிற்றே என்று சிலர் சந்தேகப்படுவார்கள்; காரக் கரைசலில் அது உருமாறி ஒடுக்கும் தன்மை பெற்றுவிடும்.

சுக்ரோஸை அளக்க வேண்டுமானால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சில நிமிடம் சூடாக்கி உடைத்துவிட்டு, சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரைப்பது நிற்கும்வரை நடுநிலையாக்க வேண்டும். இந்த நடுநிலையாக்கலைத் தவிர்த்துவிட்டால் மிச்ச அமிலம் பெனடிக்டில் உள்ள காரத்தைத் தின்றுவிடும், நிறம் வராது. பெனடிக்ட் சேர்த்தவுடன் குழாய் நுரைத்தது என்றால் அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். அமிலத்தில் அளவுக்கு மீறிக் கொதிக்க வைப்பதும் ஆகாது, ஃப்ரக்டோஸ் சிதைய ஆரம்பித்துவிடும்.

கணக்கில் இன்னொரு விஷயம் உண்டு. 342 கிராம் சுக்ரோஸ் உடையும்போது 18 கிராம் நீரையும் சேர்த்துக்கொண்டு 360 கிராம் ஒடுக்கும் சர்க்கரையாகிறது. ஆகவே உடைத்த பின் வந்த அளவிலிருந்து உடைப்பதற்கு முன் இருந்த அளவைக் கழித்து, மீதியை 0.95ஆல் பெருக்கினால்தான் சுக்ரோஸ் கிடைக்கும். நடுநிலையாக்கும்போது கன அளவு கூடியிருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தெரிந்த குளுக்கோஸும் நிறம் காட்டவில்லை என்றால் அநேகமாகச் சூடுதான். குழாயை வெந்நீரில் வைத்தால் போதாது. பெனடிக்டுக்குக் கொதிக்கும் நீர் வேண்டும், குழாய்க்குள் இருக்கும் திரவத்தின் மட்டம் வெளிநீரின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். நிறையக் குழாய்களை ஒரே நேரத்தில் இறக்கினால் தொட்டியின் வெப்பநிலை இறங்கிவிடும். நீர் மறுபடி கொதித்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். பெனடிக்டைப் போலவே தாமிரத்தால் வேலை செய்யும் ஃபெலிங் கரைசலைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அதன் இரண்டு பாகங்களையும் சோதனைக்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். முன்பே கலந்து வைத்த கலவை நாளடைவில் சிதையும்.

பிளாங்கிலேயே நிறம்

பீனால்–சல்பூரிக் முறையில் இது அடிக்கடி வரும், காரணம் பெரும்பாலும் தூசியும் பஞ்சும்தான். செல்லுலோஸும் சர்க்கரைகளால் ஆனதே. வடிதாளின் ஒரு நார், குழாயைத் துடைத்த காகிதத்தின் துகள், பருத்தித் துணியின் இழை, எது உள்ளே விழுந்தாலும் அடர்ந்த அமிலம் அதை உடைத்து நிறம் கொடுத்துவிடும். கழுவிய குழாய்களைத் துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். மாதிரியை வடிதாளில் வடிப்பதற்குப் பதிலாக மைய விலக்கியில் சுழற்றித் தெளிவை எடுங்கள்.

டி.என்.எஸ்.இல் பிளாங்க் முழுக்க நிறமற்று இருக்காது, மஞ்சளாகத்தான் இருக்கும். அது நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். அந்த ரியேஜென்டில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து வலுவிழக்கும், சல்பைட் ஆக்சிஜனேற்றமடைந்து வீணாகும். பழுப்புப் பாட்டிலில், இறுக மூடி வையுங்கள். சல்பைட்டை மட்டும் தனியே வைத்திருந்து அன்றன்றைக்குச் சேர்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

பெனடிக்டில் பச்சையா மஞ்சளா என்று சொல்ல முடியவில்லை

பாடப்புத்தகங்களில் இருக்கும் வரிசை எல்லோருக்கும் தெரியும்: நீலம் என்றால் இல்லை, பச்சை ஏறத்தாழ 0.5 சதவீதம், மஞ்சள் 1, ஆரஞ்சு 1.5, செங்கல் சிவப்பு 2 அல்லது அதற்கு மேல். இந்த வரிசை 5 மி.லி. பெனடிக்டுக்கு 8 துளி மாதிரி என்ற விகிதத்தோடு பிறந்தது. நீங்கள் சம அளவு மாதிரியும் பெனடிக்டும் கலந்துவிட்டு இந்த அட்டவணையைப் பார்த்தால் எண் எங்கோ போய்விடும்.

பச்சை என்று தனியாக ஒரு பொருள் குழாயில் உருவாவதில்லை. மிச்சமிருக்கும் நீலத்தின் ஊடாக மஞ்சள் வீழ்படிவைப் பார்க்கிறோம், அவ்வளவுதான். அந்த வீழ்படிவின் நிறமும் துகளின் பருமனைப் பொறுத்து மஞ்சளிலிருந்து சிவப்புவரை மாறும். அதனால் சூடாக்கும் வேகம் மாறினாலே, சர்க்கரை மாறாமல், நிறம் வேறாகத் தெரியலாம். குழாயைக் குலுக்காமல் பார்த்தால் மேலே ஒரு நிறம், அடியில் ஒரு நிறம். இத்தனை தடைகள் இருக்கும்போது கண்ணால் 0.7 சதவீதம், 0.9 சதவீதம் என்று பிரித்துச் சொல்ல முயல்வது வீண் வேலை. கண்ணை வைத்துப் படிநிலை மட்டும் சொல்லுங்கள். அதற்கும் பக்கத்திலேயே தெரிந்த செறிவுள்ள குழாய்களை, அதே நேரம் அதே தொட்டியில் சூடாக்கி வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடுபவர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள், வெள்ளைத் தாள் முன்னால் வைத்து எடுக்க வேண்டும். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் நிறச் சமநிலையைத் தானாகவே மாற்றிக்கொள்வதால் தனித்தனிப் படங்களை ஒப்பிட முடியாது.

எண் வேண்டுமென்றால், வீழ்படிவை மைய விலக்கியில் அடியில் இறக்கிவிட்டு, மேலே மிஞ்சிய நீலத்தைக் கலரிமீட்டரில் (நிறத்தின் அடர்த்தியை ஒளியால் அளக்கும் கருவி) சிவப்பு வடிப்பானோடு அளவிடுங்கள். சர்க்கரை கூடக் கூட நீலம் குறையும், ஆகவே வரைகோடு கீழ்நோக்கித்தான் இறங்கும். அது பிழையில்லை. கோடு அடியில் சென்று படுத்துவிட்டால் தாமிரம் முழுவதும் செலவாகிவிட்டது என்று புரிந்துகொண்டு, மாதிரியை நீர்த்துத் திரும்பச் செய்யுங்கள்.

வரைகோடு வளைகிறது

மேல் முனையில் வளைவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: ரியேஜென்ட் தீர்ந்துபோனது அல்லது கருவியின் எல்லை. இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. மிக அடர்ந்த நிறமுள்ள குழாயை எடுத்து, நிறம் வந்து ஆறிய பிறகு, அதையும் பிளாங்கையும் சம அளவு நீரால் இரு மடங்கு நீர்த்து அளவிடுங்கள். வந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் நேர்கோட்டில் போய் அமர்கிறதா? அப்படியானால் வினை சரியாக நடந்திருக்கிறது, கருவிதான் திணறியது. உறிஞ்சல் அளவு, அதாவது கரைசல் எவ்வளவு ஒளியைப் பிடித்துக்கொள்கிறது என்று கருவி காட்டும் எண், 2 என்றால் விழுந்த ஒளியில் 1 சதவீதமே மறுபுறம் வந்து சேர்கிறது. அந்த நிலையில் கருவிக்குள் சிதறும் சிறிதளவு ஒளியும் எண்ணைக் கெடுக்கும். 0.1 முதல் 1.0 வரை வரும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. பெருக்கியும் கோட்டில் அமரவில்லை என்றால் ரியேஜென்ட் தீர்ந்துவிட்டது. அப்போது நிறம் வந்த கரைசலை எத்தனை முறை நீர்த்தாலும் பயனில்லை. வினைக்கு முன்பே மாதிரியை நீர்த்திருக்க வேண்டும்.

கீழ் முனையில், மிகக் குறைந்த செறிவுகளில் கோடு படுத்தே கிடந்துவிட்டு அப்புறம்தான் எழும்பினால், அது டி.என்.எஸ். முறைக்கே உரிய குணம். கரைசலில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது. சல்பைட் சேர்ப்பது இதற்காகத்தான். 1921இல் இந்த ரியேஜென்டைச் சிறுநீர்ச் சர்க்கரைக்காக அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் சம்னர். நொதிகளைப் படிகமாக்கலாம் என்று காட்டி 1946இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. 1959இல் மில்லர் இந்த முறையை அலசி, ரியேஜென்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் என்ன செய்கிறது என்று பிரித்துக் காட்டினார். குறைந்த செறிவுகளுக்கு அவர் சொன்ன வழி இன்றும் வேலை செய்கிறது: பிளாங்க் உட்பட எல்லாக் குழாய்களிலும் ஒரே சிறு அளவு குளுக்கோஸைச் சேர்த்துவிடுங்கள். வீணாகும் பங்கை அது ஈடுகட்டிவிடும், மீதி கோடு நேராக வரும்.

கோட்டைச் சுழியம் வழியாகப் போகும்படி கட்டாயப்படுத்தாதீர்கள். அது எங்கே வெட்டுகிறது என்பதே ஒரு தகவல்.

ஒரே மாதிரிக்கு மூன்று குழாய், மூன்று எண்

பீனால்–சல்பூரிக் முறையில் சிதறல் வந்தால் அமிலம் ஊற்றும் விதத்தைப் பாருங்கள். 1 மி.லி. மாதிரி, 1 மி.லி. 5 சதவீத பீனால், அதன் மேல் 5 மி.லி. அடர் சல்பூரிக் அமிலம் என்பது வழக்கமான அளவு. இங்கே அடுப்பு எதுவும் கிடையாது. அமிலமும் நீரும் கலக்கும்போது எழும் சூடுதான் வினையை நடத்துகிறது. அமிலத்தைக் குழாயின் சுவர் வழியாக மெதுவாக இறக்கினால் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும், சூடு சரியாக எழும்பாது. திரவத்தின் மேற்பரப்பில் நேராக, ஒரே வேகத்தில் விட வேண்டும். எல்லாக் குழாய்களும் ஒரே அகலமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒல்லிக் குழாயும் அகலக் குழாயும் வேறு வேறு வேகத்தில் ஆறும். இதைச் செய்யும்போது கையுறை, கண்ணாடி, புகைபோக்கிப் பெட்டி மூன்றும் கட்டாயம். பீனால் தோலைப் பொசுக்கும், அமிலக் கலவை தெறிக்கும். அவசரத்தில் செய்யக்கூடிய வேலையில்லை இது.

டி.என்.எஸ்.இல் சிதறலுக்குக் காரணம் பெரும்பாலும் குழாய்கள் தொட்டியில் இருந்த நேரமும் ஆறிய விதமும்தான். எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கி ஒன்றாக எடுங்கள், அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே அளவிடுங்கள். சூடாக அளவிட்டால் எண் வேறாக வரும்.

குவெட்டில் (கருவிக்குள் கரைசலை வைக்கும் சிறு ஒளிபுகும் கலம்) கைரேகை, குமிழி, திருப்பி வைத்தல் போன்றவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எண் எப்போதும் ஒரே விகிதத்தில் தவறுகிறது

எல்லா மாதிரிகளும் சுமார் 10 சதவீதம் கூடுதலாக வந்தால் குளுக்கோஸ் புட்டியின் லேபிளைப் படியுங்கள். நீரற்ற குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180.16, ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த வகைக்கு 198.17. இரண்டாவதை 100 மி.கி. எடைபோட்டால் உள்ளே இருப்பது சுமார் 91 மி.கி. குளுக்கோஸ்தான். உங்கள் திட்டக் கரைசல் (ஒப்பிட வைத்திருக்கும் செறிவு தெரிந்த கரைசல்) நீங்கள் நினைப்பதைவிட நீர்த்தது, ஆகவே மாதிரி எல்லாம் அதிகமாகத் தெரியும். இதை எந்தக் கருவியும் சொல்லாது, எத்தனை முறை திரும்பச் செய்தாலும் அதே எண்தான் வரும். அதனால்தான் இது மோசமான பிழை.

நொதி முறையில் வேறொரு காரணம் உண்டு. குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வடிவங்கள் உண்டு; குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பீட்டா வடிவக் குளுக்கோஸை மட்டுமே பிடிக்கும். பொடியாக வாங்கும் குளுக்கோஸ் பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம். நீரில் கரைத்த பிறகு அது மெல்ல மாறி, ஏறத்தாழ 36 சதவீதம் ஆல்ஃபா, 64 சதவீதம் பீட்டா என்ற நிலைக்கு வரும். கரைத்த கையோடு திட்டக் கரைசலாகப் பயன்படுத்தினால் நிறம் குறைவாக வரும், அதை வைத்துக் கணக்கிட்ட மாதிரிகள் அதிகமாகத் தெரியும். திட்டக் கரைசலை முதல் நாளே தயாரித்து இரவு முழுக்க வைத்துவிடுங்கள். 0.1 சதவீத பென்சாயிக் அமிலத்தில் கரைத்தால் நுண்ணுயிர்களும் அண்டாது. வெறும் நீரில் கரைத்து வெளியே வைத்த குளுக்கோஸ் சில நாளில் கலங்கிவிடும். கலங்கிய கரைசலைக் கொட்டிவிடுங்கள், வடித்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். உயிர்கள் சர்க்கரையைத் தின்றாயிற்று.

மாதிரிக்கே நிறம் இருக்கிறது, அல்லது கலங்கலாக இருக்கிறது

பழச்சாறு, தாவரச் சாறு, நொதித்த திரவம் போன்றவற்றில் இது இயல்பு. நீர்த்தே நிறத்தை மறையச் செய்ய முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. முடியாவிட்டால் ஒவ்வொரு மாதிரிக்கும் சொந்தமாக ஒரு பிளாங்க் வையுங்கள்: அதே மாதிரி, அதே கன அளவு, ரியேஜென்டுக்குப் பதில் நீர். அதன் உறிஞ்சல் அளவைக் கழியுங்கள். ஆனால் பல தாவர நிறமிகள் காரத்தில் நிறம் மாறும் என்பதால், டி.என்.எஸ்.க்கு வெறும் நீரைவிட அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு விட்ட பிளாங்கே பொருத்தம்.

கரித்தூள் போட்டு நிறத்தை உறிஞ்ச வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது சர்க்கரையையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். புரதத்தால் கலங்கியிருந்தால் துத்தநாக உப்பும் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் கொண்டு வீழ்த்தி, சுழற்றித் தெளிவை எடுப்பது நம்பகமான வழி.

இரண்டு முறைகள் இரண்டு எண் சொல்கின்றன

இதில் இரண்டுமே சரியாக இருக்கலாம். நொதி முறை குளுக்கோஸை மட்டும் சொல்கிறது, டி.என்.எஸ். ஒடுக்கும் சர்க்கரைகள் எல்லாவற்றையும் சொல்கிறது, பீனால்–சல்பூரிக் சுக்ரோஸையும் மாவுச்சத்தையும்கூடச் சேர்த்துச் சொல்கிறது. பிந்தைய முறையில் ஒவ்வொரு சர்க்கரையும் ஒவ்வொரு அளவு நிறம் தரும். ஐந்து கார்பன் சர்க்கரைகளுக்கு உச்சமே 480 நானோமீட்டரில்தான். ஆகவே கலவையை அளக்கும்போது "குளுக்கோஸ் அளவில் இவ்வளவு" என்று எழுதுவதுதான் நேர்மை.

ஆனால் வேறுபாடு காரணமில்லாமல் பெரிதாக இருந்தால் வைட்டமின் சி மீது சந்தேகம் வர வேண்டும். அது பெனடிக்டில் உள்ள தாமிரத்தைத் தானே ஒடுக்கிப் போலியாகச் சர்க்கரை காட்டும். நொதி முறையிலோ, உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தின்று உண்மையான குளுக்கோஸையும் மறைக்கும். ஒரே பொருள், ஒரு முறையில் எண்ணை ஏற்றுகிறது, இன்னொன்றில் இறக்குகிறது. தாவரச் சாற்றில் இருக்கும் கேட்டலேஸ் நொதியும் பெராக்சைடை அழிக்கும். மாதிரி கெடாமல் இருக்கப் போட்ட சோடியம் அசைடு பெராக்சிடேஸையே முடக்கிவிடும்.

எல்லாம் சரியாகத் தெரிகிறது, எண்ணை மட்டும் நம்ப முடியவில்லை

இங்கேதான் மூன்றாவது குழாயை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். 1 மி.லி. மாதிரியோடு 1 மி.லி. நீர் கலந்து அளவிடுங்கள், 0.30 மி.கி./மி.லி. வந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 1 மி.லி. மாதிரியோடு, 0.40 மி.கி./மி.லி. உள்ள 1 மி.லி. குளுக்கோஸ் கலந்து அளவிடுங்கள். சேர்த்த குளுக்கோஸ் கலவையில் 0.20ஆக நீர்த்துவிடும், ஆகவே 0.50 வர வேண்டும். 0.42தான் வந்தது என்றால், சேர்த்த 0.20இல் 0.12 மட்டுமே கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, அதாவது 60 சதவீதம். மாதிரியில் ஏற்கெனவே இருந்த சர்க்கரையும் அநேகமாக அதே விகிதத்தில்தான் தெரிந்திருக்கும்.

அப்படி வந்தால் முதலில் மாதிரியை நான்கு மடங்கு நீர்த்து மறுபடி இதே சோதனையைச் செய்யுங்கள். தடுக்கும் பொருளும் நீர்த்துப்போய் மீட்பு (சேர்த்த குளுக்கோஸில் கண்ணுக்குத் தெரியும் சதவீதம்) 100ஐ நெருங்கினால் அந்த நீர்ப்பிலேயே வேலையைத் தொடரலாம். நெருங்கவில்லை என்றால், ஒரே மாதிரியில் 0, 0.1, 0.2, 0.3 மி.கி./மி.லி. என்று குளுக்கோஸைக் கூட்டிக்கொண்டே போய்க் கோடு வரைந்து, அதை இடப்பக்கம் நீட்டி, கீழ் அச்சை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். சுழியத்திலிருந்து அந்தத் தூரமே மாதிரியின் செறிவு.

இந்த வழி வினையைத் தடுக்கும் பொருள்களைத்தான் சமாளிக்கும். வைட்டமின் சி பெனடிக்டில் செய்வதுபோல, தானே நிறம் சேர்க்கும் பொருள் இருந்தால் சேர்த்த குளுக்கோஸ் 100 சதவீதம் திரும்பி வந்தும் விடை அதிகமாகவே நிற்கும். அந்தச் சந்தேகம் இருக்கும் மாதிரியை முற்றிலும் வேறு வினையில் நடக்கும் இன்னொரு முறையாலும் அளந்து, இரண்டு எண்ணையும் முறையின் பெயரோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.